‘ஹாட் வாட்டர் இஸ் கமிங்’ என்றால் விருந்தினர் குழாயடியில்தான் நிற்பார்

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதி, படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். பெயரும் வேலை செய்யும் இடமும் வெளியில் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டொரு விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இது.

அவருக்கு வயது 37. மலையிலேயே பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் காபித் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தார், கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சல் வழியில் பி.காம். முடித்தார். தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு சிறிய விருந்தினர் விடுதியில் ஆறு வருடம் அறை சுத்தம் செய்யும் வேலை. எட்டு மாதத்துக்கு முன் முதலாளியே கூப்பிட்டு ரிசப்ஷனில் உட்கார வைத்தார். கூடவே, விருந்தினர்களைத் தோட்டத்துக்குள் அழைத்துப் போய்க் காபி, மிளகு பற்றிச் சொல்லும் பொறுப்பையும் கொடுத்தார்.

மே மாதக் கூட்ட நெரிசலில் இரண்டு சம்பவங்கள். ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு அறையிலிருந்து போன்: வெந்நீர் உண்டா? இவர் சொன்ன பதில், “எஸ் சார், டெய்லி ஹாட் வாட்டர் இஸ் கமிங்.” அந்த விடுதியில் வெந்நீர் காலை ஆறு முதல் ஒன்பது வரைதான். இவர் சொல்ல நினைத்தது அதைத்தான். அந்த மனிதர் குழந்தையின் சட்டையைக் கழற்றிவிட்டு இருபது நிமிடம் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அடுத்த வாரம் பெங்களூருவிலிருந்து வந்த ஒரு குடும்பத்திடம், “வீ ஆர் பிளக்கிங் காபி ஹியர்” என்று சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுப் பையன் பறிப்பதைப் பார்க்கணும் என்று குதிக்க, எல்லோரும் சரிவில் இறங்கிப் போய்ப் பார்த்தால் மிளகளவு பச்சைக் காய்கள். மே மாதத்தில் வேறென்ன இருக்கும்? அவர்கள் ஊருக்குப் போய், ‘காபி பறிப்பதைக் காட்டுவதாகச் சொல்லி ஏமாற்றினார்கள்’ என்று இணையத்தில் எழுதிவிட்டார்கள்.

முதலாளி இரண்டு மாதம் கெடு வைத்திருக்கிறார். ஆங்கிலம் சரியாகாவிட்டால் தோட்டம் சுற்றிக்காட்டும் வேலை புதிதாக வந்திருக்கும் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்த பையனுக்குப் போய்விடும். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் வேறு, “அம்மா, நீ எல்லாத்துக்கும் ஐஎன்ஜி போடுற” என்று சிரிக்கிறாள். சேலத்தில் ஒரு பயிற்சி மையத்தில் முப்பது நாள் வகுப்பு, பன்னிரண்டு டென்ஸ்களும் சொல்லித் தருவார்கள், கட்டணம் 18,000 ரூபாய், முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்ட வேண்டும். கம்மலை அடகு வைத்துச் சேரலாமா, அல்லது பேசாமல் பழைய வேலைக்கே திரும்பிவிடலாமா என்று கேட்கிறார். கடைசியாக ஒரு கேள்வி: “பிரசன்ட் டென்ஸ் என்றால் இப்போது நடப்பது என்றுதான் பள்ளியில் படித்தேன். இப்போது நடப்பதற்கு ஐஎன்ஜி போட்டால் எப்படித் தப்பாகும்?”

வணக்கம் அம்மா.

உங்கள் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள் இருக்கிறது.

உங்கள் ஆங்கிலம் யாருக்கும் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. குழாயடியில் நின்றவருக்கு நீங்கள் சொன்னது நன்றாகவே புரிந்தது, அதனால்தான் நின்றார். ‘இஸ் கமிங்’ என்றால் வந்துகொண்டிருக்கிறது. வந்துகொண்டிருக்கும் தண்ணீருக்காக யாரும் காத்திருப்பார்கள். ‘வீ ஆர் பிளக்கிங்’ என்றால் பறித்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பையன் குதித்ததிலும் தப்பில்லை. நான் முப்பது வருடம் சேலத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கும், அப்புறம் ஹோட்டல், மருத்துவமனை ஊழியர்களுக்கும் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவன். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு கோளாறு. அது ஒவ்வொரு வாக்கியத்திலும் வருவதால் நூறு கோளாறு போலத் தெரிகிறது.

பெயர்தான் குழப்புகிறது

சிம்பிள் பிரசன்ட் என்ற பெயரைக் கேட்டால் ‘இப்போது’ என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் ‘கம்’, ‘கம்ஸ்’ என்று வரும் அந்த வினைவடிவம் ‘இந்த நிமிடம்’ என்பதற்குப் பெரும்பாலும் வருவதே இல்லை. வழக்கம், இயல்பு, எப்போதும் இருக்கும் நிலை, இவற்றுக்குத்தான் அது. இந்த நிமிடம் கண்முன் நடப்பதற்கு ஐஎன்ஜி.

இதைத் தமிழில் நீங்கள் நாள் முழுக்கச் சரியாகச் செய்கிறீர்கள். அந்த விருந்தினர் தமிழராக இருந்து, ராத்திரி ஒன்பதரைக்கு வெந்நீர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? “காலையில ஆறுல இருந்து ஒம்பது வரைக்கும் வரும் சார்.” வரும். ‘வந்துக்கிட்டிருக்கு’ என்று உங்கள் வாயில் வந்தே இருக்காது. காபியைப் பற்றிக் கேட்டால்? “கார்த்திகை, மார்கழியில பறிப்போம்.” பறிப்போம். ‘பறிச்சுக்கிட்டிருக்கோம்’ என்று சொல்ல மாட்டீர்கள்.

ஆக, வழக்கத்தைச் சொல்லும்போது உங்கள் வாயில் வருவது வரும், போகும், பூக்கும், பறிப்போம், இருப்பார் என்ற வடிவம். பள்ளி இலக்கணத்தில் இதற்கு எதிர்காலம் என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதே இடத்தில் வருவதற்கு நிகழ்காலம் என்று பெயர். வேலை ஒன்றுதான், பலகைதான் வேறு. நீங்கள் பலகையைப் பார்த்து மொழிபெயர்த்தீர்கள், அவ்வளவுதான்.

இதில் ஒரு சுவையான விஷயம், என் வகுப்பில் எப்போதும் சொல்வது. தொல்காப்பியத்தின் வினையியலில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. மூன்று காலத்துக்கும் பொதுவான இயற்கையைச் சொல்லும்போது நிகழ்காலத்துக்கு உரிய ‘செய்யும்’ என்னும் பொதுச்சொல்லால் சொல்ல வேண்டும் என்கிறது அது. உரைகாரர்கள் காட்டும் உதாரணம், மலை நிற்கும். நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கும், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல். சிம்பிள் பிரசன்ட் என்று நாம் இத்தனை பயப்படுவது இந்த ‘மலை நிற்கும்’தான். தினமும் சேர்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகிற உங்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியதை மனதில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘வந்துக்கிட்டிருக்கு’ என்று வந்தால் ஐஎன்ஜி. ‘வரும்’ என்று வந்தால், முன்னால் ‘வழக்கமாக’ என்று ஒரு சொல்லைப் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் சிம்பிள் பிரசன்ட். ‘நாளைக்கு’ என்பதுதான் பொருந்துகிறது என்றால் ‘வில்’. “வழக்கமாகக் காலையில் வெந்நீர் வரும்” என்பது ‘ஹாட் வாட்டர் கம்ஸ் இன் தி மார்னிங்’. “பிளம்பர் நாளைக்கு வருவார்” என்பது ‘தி பிளம்பர் வில் கம் டுமாரோ’. நம் ஊரில் பலர் ‘டெய்லி ஹீ வில் கம் அட் நைன்’ என்று சொல்வதும் இந்தக் கதைதான். வருவார் என்பதைக் கண்டதும் கை நேராக ‘வில்’லுக்குப் போய்விடுகிறது.

மொழிபெயர்ப்பு வைத்துத் தப்பிக்க முடியாத ஒரு இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ‘வருகிறார்’ என்ற வடிவம். “அவர் தினமும் சேலத்திலிருந்து வருகிறார்” என்றும் சொல்கிறோம், “அதோ வருகிறார்” என்றும் சொல்கிறோம். ஒரே வடிவம் இரண்டு வேலை செய்கிறது. அந்த வடிவம் மனதில் வந்தால் மட்டும் ஒரு விநாடி நின்று, இது தினமுமா இப்போதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

தெரியும், பிடிக்கும், வேண்டும்

“ஐ ஆம் நோயிங் இங்கிலீஷ் லிட்டில்” என்று விருந்தினர்களிடம் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். ஐஎன்ஜி போட்டால் கொஞ்சம் மரியாதையாக, முழுசாக இருக்கிறது என்றும் காரணம் சொல்லியிருந்தீர்கள். அப்படி நினைப்பவர்கள் நிறையப் பேர். எனக்கே அந்த எண்ணம் இருந்தது. முதல் வேலைக்கு ஒரு கல்லூரியில் நேர்காணலுக்குப் போனபோது எந்த ஊர் என்று கேட்டார்கள். நெஞ்சை நிமிர்த்தி, “ஐ ஆம் பிலாங்கிங் டு சேலம்” என்றேன். நடுவில் உட்கார்ந்திருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “ஸ்டில்?” என்று கேட்டார். இன்னுமா? அப்போது எனக்கு அந்தக் கிண்டல் புரியவில்லை. வெளியே வந்து பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில்தான் புரிந்தது.

தெரியும், புரியும், பிடிக்கும், வேண்டும். இந்த நான்கையும் பாருங்கள். “எனக்குத் தமிழ் தெரிந்துகொண்டிருக்கிறது” என்று யாராவது சொல்வார்களா? “எனக்கு மாம்பழம் பிடித்துக்கொண்டிருக்கிறது” என்று சேலத்தில் சொன்னால் ஆளை ஒரு மாதிரி பார்ப்பார்கள். இவை செயல்கள் அல்ல, நிலைகள். தமிழ் இவற்றுக்கு வைத்திருக்கும் வடிவமும் அந்த ‘மலை நிற்கும்’ வடிவம்தான். ஆங்கிலத்திலும் அப்படியே: நோ, அண்டர்ஸ்டாண்ட், லைக், வான்ட், நீட், பிலாங். ‘ஐ நோ எ லிட்டில் இங்கிலீஷ்’ போதும். அதில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

‘ஹேவ்’ மட்டும் கொஞ்சம் வம்பு பிடித்தது. உடைமையைச் சொன்னால் ஐஎன்ஜி வராது: ‘வீ ஹேவ் சிக்ஸ் ரூம்ஸ்’. சாப்பிடுவது, குடிப்பது என்ற பொருளில் சொன்னால் வரும்: ‘தே ஆர் ஹேவிங் டீ’. வராந்தாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பவர்களைப் பற்றி அப்படிச் சொல்வது சரிதான். அங்கே போய் மகள் திருத்தினால் நீங்கள் அவளைத் திருத்தலாம்.

நியாயத்துக்கு ஒன்றும் சொல்ல வேண்டும். ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்’ என்று இந்தியா முழுக்கப் பேசுகிறார்கள். மொழியியல் படித்தவர்கள் இதை இந்திய ஆங்கிலத்தின் ஒரு சாயல் என்றே எழுதுகிறார்கள். அதற்காக வெட்கப்பட்டுக் கூனிக் குறுக வேண்டியதில்லை. ஆனால் வெந்நீர், காபி, பஸ் என்று நேரம் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்தச் சாயல் பொருளையே மாற்றிவிடுகிறது. முதலில் திருத்த வேண்டியது அந்த இடங்களை. ‘நோயிங்’கை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

சாவிப் பலகையும் எஸ்ஸும்

உங்கள் கடிதத்தில் ‘தி பேர்ட்ஸ் கம்ஸ்’ என்றும் ‘மை ஓனர் லிவ் இன் சேலம்’ என்றும் இருக்கிறது. பறவைகள் பல, அதனால் கம்ஸ். முதலாளி ஒருவர், அதனால் லிவ் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். பெயர்ச்சொல்லில் எஸ் வந்தால் பன்மை என்பது உண்மை. வினைச்சொல்லில் அப்படியே தலைகீழ், எஸ் வந்தால் ஒருமை. ‘தி பேர்ட் கம்ஸ்’, ‘தி பேர்ட்ஸ் கம்’. இந்த மாதிரி வாக்கியங்களில் எஸ் பெயரிடம் இருந்தால் வினையிடம் இருக்காது. எப்போதும் இந்தக் கணக்கு செல்லாது, ‘சில்ட்ரன்’ போன்ற சொற்களில் எஸ் இல்லாமலே பன்மை இருக்கிறது. ஆனால் பேச்சில் நூற்றுக்குப் பெரும்பகுதி இதுவே காப்பாற்றும்.

கேள்வியிலும் மறுப்பிலும் இந்த எஸ் எங்கே போகிறது என்பதுதான் எல்லோருக்கும் தகராறு. உங்கள் மேஜைக்குப் பின்னால் சுவரில் அறைச் சாவிகள் தொங்கும் பலகை இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு அறைக்கு ஒரு சாவிதான். ‘ஹீ லிவ்ஸ் இன் சேலம்’ என்றால் சாவி ‘லிவ்’ என்ற கொக்கியில் தொங்குகிறது. கேள்வி கேட்க ‘டூ’ வருகிறது, சாவியை எடுத்துக்கொள்கிறது, ‘டஸ்’ ஆகிவிடுகிறது. ‘டஸ் ஹீ லிவ் இன் சேலம்?’ இப்போது ‘லிவ்’ கொக்கி காலி. மறுத்துச் சொன்னாலும் சாவி ‘டஸ்’ஸின் கையில்தான்: ‘ஹீ டஸ்ன்ட் லிவ் ஹியர்’. ‘டஸ் ஹீ லிவ்ஸ்’ என்று சொன்னால் ஒரே அறைக்கு இரண்டு பேரிடம் சாவி கொடுத்த மாதிரி. ரிசப்ஷனில் அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐ, யூ, வீ, தே ஆகிய நான்கு அறைகளுக்கும் சாவியே கிடையாது. கேன், வில், மஸ்ட் வந்தாலும் சாவி தேவையில்லை: ‘ஹீ கேன் டிரைவ்’.

இன்னொரு காரணமும் இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். முதலாளியைத் தமிழில் ‘வருகிறார்’ என்று பலர்பால் விகுதி போட்டு மரியாதையாகச் சொல்கிறோம். அதே மனசோடு ஆங்கிலத்துக்குப் போனால், ஒருமைக்கு உரிய எஸ்ஸை அவருக்குப் போட நாக்கு தயங்குகிறது. தயங்க வேண்டாம். ஆங்கிலத்தில் கலெக்டருக்கும் அதே எஸ், கழுதைக்கும் அதே எஸ்.

அந்த எஸ்ஸை எப்படி ஒலிப்பது, சில இடங்களில் ஏன் ‘வாட்சஸ்’ என்று கூடுதலாக ஒரு அசை வருகிறது என்பதெல்லாம் இப்போது வேண்டாம். முதலில் எஸ் இருந்தால் போதும்.

பஸ், ரயில், முதலாளி

“பஸ் எப்போது கிளம்பும்?” என்று கேட்பவருக்கு ‘தி பஸ் லீவ்ஸ் அட் ஃபைவ்’ என்று சொல்லலாம், அது நாளைய பஸ்ஸாக இருந்தாலும். அட்டவணை போட்டு வைத்தது எல்லாம் வழக்கத்தில் சேர்த்தி. ‘தி ஏற்காடு எக்ஸ்பிரஸ் லீவ்ஸ் சேலம் அட் நைட்’ என்பதும் அப்படியே.

“முதலாளி வந்ததும் சொல்கிறேன்” என்பதற்கு நீங்கள் சொல்வது ‘வென் ஹீ வில் கம், ஐ வில் டெல்’. ‘வந்ததும்’ என்ற பொருளில் வரும் ‘வென்’னுக்குப் பின்னால் ‘வில்’ வராது. ‘வென் ஹீ கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்.’ இன்னும் வராதவருக்கு எப்படி ‘கம்ஸ்’ என்று கேட்பீர்கள். நாம் இன்னும் வராதவருக்கு ‘வந்ததும்’ என்று இறந்தகாலம் போடுகிறோமே! அடுப்பில் பால் வைத்துக்கொண்டே வாசலில் நிற்பவரிடம் “இதோ வந்துட்டேன்” என்கிறோமே! காலம் காட்டும் சொல் கடிகாரம் காட்டும் நேரத்தோடு ஒட்டித்தான் போக வேண்டும் என்று எந்த மொழியிலும் கட்டாயம் இல்லை.

பதினெட்டாயிரம் ரூபாய்

வேண்டாம். கம்மல் காதிலேயே இருக்கட்டும்.

வகுப்புக்குப் போவதே வீண் என்று நான் சொல்லவில்லை. பேசிப் பழக ஆள் கிடைப்பது பெரிய விஷயம், நல்ல மையங்களில் அது கிடைக்கும். ஆனால் பன்னிரண்டு டென்ஸையும் அட்டவணையாக மனப்பாடம் செய்வது உங்கள் பிரச்சினைக்கு மருந்து இல்லை. அந்த அட்டவணையைப் பள்ளியிலேயே ஒரு தடவை மனப்பாடம் செய்துவிட்டுத்தானே இப்போது எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்? ரிசப்ஷன் மேஜையிலும் தோட்டத்திலும் உங்களுக்கு அன்றாடம் வேண்டியது சிம்பிள் பிரசன்ட், கொஞ்சம் ஐஎன்ஜி, பழைய கதை சொல்ல இறந்தகாலம், நாளையைச் சொல்ல ‘வில்’. மற்றவை வரும்போது வரட்டும்.

பிற்பாடு சேர்ந்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், ஒரு நாள் உள்ளே உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் மாணவர்கள் எத்தனை நிமிடம் வாயைத் திறக்கிறார்கள் என்று கவனியுங்கள். ஆசிரியரே பேசிக்கொண்டிருந்தால் எழுந்து வந்துவிடலாம். கட்டணத்தைத் தவணையாக வாங்கச் சொல்லுங்கள். நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள், கட்டிய பணத்துக்கு ரசீது கேளுங்கள். இவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. கேட்டதும் முகம் சுளிக்கும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம். முப்பது நாளில் சரளமாகப் பேச வைப்போம் என்று உத்தரவாதம் தருபவர்களை நான் நம்புவதில்லை. ஒருவேளை இது தொழில் பொறாமையாகவும் இருக்கலாம்.

பழைய வேலைக்குத் திரும்புவது

அறை சுத்தம் செய்வது எந்த விதத்திலும் தாழ்ந்த வேலை இல்லை. ஆனால் நீங்கள் திரும்ப நினைப்பது அந்த வேலை பிடித்ததால் அல்ல, பயந்து. நீங்களாகவே எழுந்து கொடுத்துவிட்ட நாற்காலி மறுபடி கிடைப்பது கஷ்டம், சம்பளமும் இறங்கும். முதலாளியாக எடுத்தால் அது வேறு விஷயம், அப்போதும் அவர் எடுப்பதாகச் சொல்லியிருப்பது தோட்டம் சுற்றிக்காட்டும் பொறுப்பை மட்டும்தான். ரிசப்ஷனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தில் இந்த இரண்டையும் நீங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டீர்கள். இணையத்தில் வந்த குறையைப் பார்த்து அவர் பதறியதிலும் நியாயம் இருக்கிறது, அவர் தொழில் அது.

அவரிடம் போய் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “சார், அடுத்த நாலு தடவை நானே கூட்டிட்டுப் போறேன். அந்தத் தம்பியும் கூட வரட்டும். எங்க தப்பாச் சொல்றேன்னு அவர் குறிச்சுக் குடுக்கட்டும். அப்புறம் நீங்க முடிவு பண்ணுங்க.” பேசிய பிறகு அதையே ஒரு வரியாக வாட்ஸ்அப்பில் பணிவாக அனுப்பி வையுங்கள், இரண்டு மாதம் என்ற கணக்கு எப்போது தொடங்கியது என்பதில் பின்னால் பேச்சு வராது. இதில் ஒரு அபாயம் உண்டு. கூட வரும் பையன் நன்றாகப் பேசி, முதலாளிக்கு அதுவே பிடித்துப்போகலாம். ஆனால் அவனுக்கு ஆங்கிலம் தெரியும், சில்வர் ஓக் எது, கல்யாண முருங்கை எது என்று தெரியாது. உங்கள் அம்மா எந்தச் சரிவில் கூடையோடு நின்றார் என்று அவனால் காட்ட முடியாது.

தோட்டத்தில் சொல்ல வேண்டியவை

சுற்றிக்காட்டும்போது நீங்கள் சொல்பவற்றைப் பத்துப் பன்னிரண்டு வாக்கியமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாதிரிக்குச் சில தருகிறேன். எல்லாம் குட்டி வாக்கியங்கள், வேண்டுமென்றேதான்.

‘காபி க்ரோஸ் இன் தி ஷேட்.’ நிழலில் வளரும்.

‘பெப்பர் கிளைம்ஸ் தீஸ் ட்ரீஸ்.’ மிளகுக்கொடி இந்த மரங்களில் ஏறும்.

‘ஆஃப்டர் தி ஃபர்ஸ்ட் சம்மர் ரெயின், தி பிளான்ட்ஸ் ஃபிளவர்.’ கோடையின் முதல் மழைக்குப் பிறகு பூக்கும். செடிகள் பல, அதனால் வினையில் எஸ் இல்லை.

‘தி ஃபிளவர்ஸ் ஸ்மெல் லைக் ஜாஸ்மின்.’ மல்லிகை மாதிரி மணக்கும். இங்கே ஒரு நிமிடம் நிறுத்திவிடுங்கள், விருந்தினர்கள் ஏதாவது கேட்பார்கள்.

‘வீ பிக் தி ரெட் பெரீஸ் ஃப்ரம் நவம்பர் டு ஜனவரி.’ காபிக்குப் ‘பிக்’ என்பதுதான் பொருத்தம், ‘பிளக்’ தேயிலைக்குப் போகட்டும். அந்த மாதத்தைச் சொல்லிவிட்டீர்களானால் எந்தப் பையனும் மே மாதத்தில் குதிக்க மாட்டான். உடனே, ‘நவ் தே ஆர் கிரீன்’ என்று ஒரு காயைத் தொட்டுக் காட்டுங்கள்.

சரிவில் இரண்டு பேர் களை எடுத்துக்கொண்டிருந்தால், ‘தே ஆர் வீடிங்’. கண்ணால் பார்க்கிறோம், அதனால் ஐஎன்ஜி. டிசம்பரில் கூடையோடு பெண்கள் நிற்கும்போது ‘தே ஆர் பிக்கிங் காபி’ என்று தாராளமாகச் சொல்லலாம். நீங்கள் மே மாதத்தில் சொன்னது டிசம்பருக்கு உரிய வாக்கியம்.

காபி இந்த மலைக்கு வந்த கதையை யாராவது கேட்டால் இறந்தகாலத்துக்குப் போய்விடுங்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் கொண்டுவந்தது. ‘காக்பர்ன் பிராட் காபி ஹியர்.’ முடிந்துபோன கதை. அதேபோல ‘மை மதர் பிக்ட் காபி ஆன் திஸ் ஸ்லோப்’. இறந்தகாலத்தில் எஸ் தொல்லை கிடையாது, நிம்மதியாகச் சொல்லலாம்.

இவற்றைத் தினமும் வேலைக்கு நடக்கும் வழியில் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனசுக்குள் சொல்வது கணக்கில் சேராது. மகளைக் கூட்டு சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி சாப்பிட்ட பிறகு நீங்கள் அவளை விருந்தினராக வைத்துத் தோட்டத்தைச் சுற்றிக்காட்ட வேண்டும், எஸ் விட்ட இடத்தில் அவள் மேஜையைத் தட்ட வேண்டும். திருத்திச் சொல்லக் கூடாது, தட்ட மட்டும்தான், திருத்துவது உங்கள் வேலை. சிரித்துக்கொண்டேதான் தட்டுவாள். தட்டட்டும்.

இன்னொரு வேலையை நாளைக்கே செய்துவிடுங்கள். குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அறிவிப்பிலும் ‘ஹாட் வாட்டர் இஸ் கமிங்’ என்றுதான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கிழித்துவிட்டு, ‘ஹாட் வாட்டர் கம்ஸ் ஃப்ரம் சிக்ஸ் டு நைன் இன் தி மார்னிங்’ என்று எழுதி ஒட்டுங்கள். ராத்திரி யாராவது போன் செய்தால், “சாரி சார், இட் டஸ்ன்ட் கம் அட் நைட்” என்று சொல்லி, சமையலறையிலிருந்து ஒரு வாளி வெந்நீர் கொடுத்தனுப்புங்கள்.